ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு சீட்

அத்தியாயம் பதினொன்று

“அப்பா, நீங்க உங்க பழைய ரூட்டுக்கே திரும்பிப் போயிடுங்க.”

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பால் திரிந்துவிடும். எட்டு மாதமாக அவள் மகளிடம் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், சண்டை போடு, சாப்பிடாமல் படு, பழைய ரூட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

திறந்தாயிற்று. காலை ஏழு மணிக்கு, தலைகூடச் சீவாமல், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு திறந்தாயிற்று.

வீட்டில் அவளுக்குப் பெயர் டிகிரி. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் சேர்த்துக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் பாதி பெருமையிலும் பாதி கிண்டலிலும் ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் அம்மாவுக்கு அதுவே வசவு. “வந்துட்டா டிகிரி” என்று அவள் சொல்லும்போது அது எந்த ரகம் என்று அக்கம்பக்கத்துக்கே தெரியும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து வீடு திரும்பும் பஸ்ஸில், ஒரு காரணமும் இல்லாமல் டிகிரியின் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. மூச்சு பாதியில் நின்றது. விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடப் போகிறோம் என்று அவள் உறுதியாக நம்பினாள். சாகவில்லை. ஒரே மாதத்தில் அதே மாதிரி இன்னும் நான்கு தடவை. மூன்று தடவை அவசரப் பிரிவு, மூன்று ஈசிஜி, மூன்றிலும் இதயம் ஜம்மென்று இருக்கிறது என்ற பதில். ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். இன்னொருவர் அவளை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, சீக்கிரம் கல்யாணம் செய்து வையுங்கள் என்றார். அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை அவர் மேஜையிலேயே கிழித்துப் போடாமல் வந்தோமே என்று அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நான்காவது டாக்டர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், இது பதற்ற நோய் என்று. இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிறையப் பேருக்கு வருகிறது, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே குணம் தெரிகிறது என்று. பெயர் இருக்கிறது என்ற அந்த ஒரு சொல்லுக்காக டிகிரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மாத்திரை வேலையைக் காட்ட நான்கைந்து வாரம் ஆனது. முதல் பத்து நாள் குமட்டலில் அவளாகவே நிறுத்தப் பார்த்தாள். ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் என்னைக் கேட்டுத்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு வாரம் ஒரு நாள் உளவியலாளரிடம் பயிற்சி.

இதற்கெல்லாம் நடுவில் அப்பா ஒரு காரியம் செய்தார். அவர் அரசு பஸ் ஓட்டுநர். பத்தொன்பது வருடம் அணைக்கட்டு ஊருக்குப் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியை ஓட்டியவர். டிப்போவில் அதற்கு ராஜா வண்டி என்று பெயர், ஓட்டுபவருக்கும் ராஜ மரியாதை. மகளுக்கு முடியாமல் போன முதல் மாதமே அதை விட்டுவிட்டு, அவள் வேலைக்குப் போகிற டவுன் ரூட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில் கண்டக்டர் தன் பையைப் போட்டு இடம்பிடித்து வைப்பார். எட்டு மாதமாக டிகிரி அந்த சீட்டில் உட்கார்ந்து, அப்பாவின் பிடரியைப் பார்த்தபடியே வேலைக்குப் போய் வந்தாள்.

போன வாரம்தான் முதல் முறையாக, அப்பா இல்லாத வேறு வண்டியில், தன்னந்தனியாகப் பதினோரு ஸ்டாப் போனாள். இறங்கியதும் நடைபாதையில் ஒரு ஆட்டம்கூடப் போட்டாள். அன்று மாலையே கடிதம் வந்தது. அணைக்கட்டு ஊரின் பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வாளர் வேலை. கெடு நாளையோடு முடிகிறது, காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். பஸ்ஸில் ஆறு மணி நேரம். அதில் கடைசி எண்பது நிமிஷம் வண்டி எங்கேயும் நிற்காது.

சரி, கூடத்துக்குத் திரும்புவோம்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். அவர் முகம் சுருங்கும், எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் டிகிரி எதிர்பார்த்தாள். எனக்காக நீங்கள் விட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல அடுத்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“இது எனக்கு எப்படித் தோணாம போச்சு?” என்றார்.

அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ரூட்டு அதே ரூட்டு. மகள் வேலை அந்த முனையில், அப்பா வண்டி இந்த முனையில். திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவார், சனிக்கிழமை ஏற்றிக்கொண்டு வருவார். இன்றைக்கு மதியம் இரண்டேகால் வண்டி ஓட்டுகிறவன் தன் ஆள்தான், ஒரு வார்த்தை சொன்னால் டியூட்டியை மாற்றிக்கொள்வான். எக்ஸ்பிரஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பது இரட்டை சீட், கால் நீட்டிக்கொள்ளலாம். இத்தனையையும் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டே சொல்லி முடித்தார். இவள் “நான் சொல்ல வந்தது அதில்லப்பா” என்பதற்குள் தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டது.

அம்மா தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். டிப்போக்காரர்களின் சீருடை எல்லாம் அவள் தைத்துக் கொடுப்பதுதான். மெஷின் ஓடுகிற வேகத்தை வைத்தே அம்மாவின் கோபத்தை அளந்துவிடலாம். அன்றைக்கு அது எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடியது.

“சொல்லாதேன்னு சொன்னேனா இல்லையா?”

ஏன் சொல்லக்கூடாது என்று இவள் கேட்டதற்கு, மெஷின்தான் பதில் சொன்னது.

*

ஒன்பதரை மணிக்கு, வாரப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள் டிகிரி.

வேண்டுமென்றே கூட்டமான வண்டி. வேண்டுமென்றே நடு வரிசை, ஜன்னலோரம், வெளியே வர இரண்டு பேரைத் தாண்டவேண்டிய இடம். தண்ணீர் பாட்டில் இல்லை. யாருக்கும் போன் போடக்கூடாது. இதுதான் இந்த வார வீட்டுப்பாடம். பாதுகாப்புக்காகச் செய்கிற சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக விடவேண்டும், அவை இருக்கும்வரை ‘அதனால்தான் பிழைத்தேன்’ என்றே மூளை நம்பிக்கொண்டிருக்கும் என்பது பாடம்.

நான்காவது ஸ்டாப்பில் ஒரு கும்பல் ஏறியது. காற்று நின்றது. உள்ளங்கை ஈரமானது. வந்துவிட்டார் துரை, என்று தன் பதற்றத்தைப் பற்றி நினைத்தாள்.

பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடவேண்டும். வாழ்நாள் முழுக்க மதிப்பெண் கூடுவதற்காகவே அடி வாங்கியவளுக்கு, குறைந்தால் பாராட்டுகிற இந்த வகுப்பு பிடித்துத்தான் இருந்தது. அறுபது. எழுபது. எழுபத்தைந்து. ஓடவேண்டும் என்று கால் கெஞ்சியது. ஓடவில்லை. முன் சீட்டுக் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. கைகளை மடியில் போட்டு, ஏறுவது எவ்வளவு தூரம் ஏறுகிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதிரி உற்சாகம்கூட வந்தது. எழுபத்தைந்திலேயே நின்றது. எழுபது என்று அவள் எண்ணத் தொடங்கிய நேரம் வண்டி சடாரென்று பிரேக் போட்டு நின்றது.

ஸ்டாப் இல்லை. சிக்னல் இல்லை. ஒரு பழைய டயர்க் கடை வாசல்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். குனிந்து, ரகசியம் மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “தங்கச்சி, இறங்கிக் கொஞ்சம் காத்து வாங்கிக்கிறியாம்மா? வண்டி நிக்கும். அவசரமே இல்ல.”

இந்த மனிதரை அவள் முன்னே பின்னே பார்த்தது கிடையாது. யார் சொன்னது என்று கேட்டாள். அவர் மழுப்பினார். விடவில்லை. கடைசியில் பலியாடு மாதிரி முழித்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினார்.

‘நம்ம டிகிரி’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். முகப்பில் அவளுடைய பட்டமளிப்பு விழாப் படம். கடைசிச் செய்தி நான்கு நிமிஷத்துக்கு முன்னால் போட்டது: ‘நீலச் சட்டை. நடு வரிசை ஜன்னல். முகம் வேர்க்குது.’ அதற்கு அப்பாவின் பதில்: ‘நிறுத்திடுப்பா.’

விரல் தானாக மேலே தள்ளியது. போன வாரம். ‘ஏறிட்டா.’ ‘மூணாவது ஸ்டாப் தாண்டியாச்சு, லேசா வெளுப்பு.’ ‘ஏழு. ஜன்னலைப் பாக்கறா.’ ‘பதினொண்ணு. இறங்கியாச்சு.’ அதற்கும் கீழே, ‘ஆடறா அண்ணே.’ அதற்குக் கீழே நாற்பத்திரண்டு கைதட்டல் பொம்மைகள்.

தன்னந்தனியாகப் போன பதினோரு ஸ்டாப்.

டிகிரிக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே சின்னதாகத் தெரிந்தது. கண்டக்டர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நீன்னா உயிர் தங்கச்சி, உனக்கு லீவுன்னா அவரும் லீவு போட்டுடறார், அப்படி ஒரு பாசத்தை நாங்க பாத்ததே இல்ல என்றெல்லாம். பின்னால் யாரோ, வண்டி டயர் மாற்றுகிறதா, ஆளை மாற்றுகிறதா என்று குரல் கொடுத்தார்கள்.

“ரைட் குடுங்கண்ணே,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்ல இறங்குவேன். அதுக்கு முன்னாடி எனக்காக வண்டி நின்னா, ஓட்டறதுக்கு நான் உட்கார்ந்துடுவேன்.”

*

உளவியலாளருக்கு டிகிரி வைத்த பெயர் ஸ்ட்ரா மேடம். பேனா செருகும் குவளையில் அவர் உறிஞ்சுகுழல்களைப் போட்டு வைத்திருப்பார். மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு விடச்சொல்வார். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துத் தலை கிறுகிறுக்கச் சுற்றுவார். படபடப்பையும் மூச்சு முட்டலையும் நாமே வரவழைத்துப் பார்த்தால், அவை வெறும் படபடப்பும் மூச்சு முட்டலும்தான் என்று உடம்புக்குப் புரியும் என்பது கணக்கு. முதல் தடவை டிகிரி மிரண்டாள். ஐந்தாம் தடவை இன்னொரு சுற்று கேட்டாள். இவளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர் என்பதால் சண்டை போடவும் வசதி.

இன்றைக்கு நாற்காலி தேவைப்படவில்லை. கதவைத் திறந்த கையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்பத்து மூன்று பேர், பட்டமளிப்பு விழாப் படம், கைதட்டல் பொம்மை. அவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். பிறகு இவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நாடி நூற்றுப் பதினெட்டு.

“பயமா?”

“இல்ல. கோபம். கொலைவெறி.”

“கை?”

வேர்த்திருந்தது. நடுங்கவும் செய்தது. மூச்சு மேலோட்டமாக ஓடியது. எட்டு மாதமாகச் சாவு வந்துவிட்டது என்று அவளை நம்பவைத்த அதே சாமான்கள் அத்தனையும் இருந்தன. ஆனால் இந்த முறை அவள் அவற்றைக் கவனிக்கவே இல்லை. அப்பாவைத் திட்டுவதில் மும்முரமாக இருந்துவிட்டாள். இதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம்தான் உண்மையான கேள்வியைக் கேட்டாள். போன வாரப் பதினோரு ஸ்டாப்பும் பொய்யா? சின்னப் பயணத்திலிருந்து பெரிய பயணம் வரை இருவரும் வரைந்து வைத்திருந்த ஏணியில் அந்தப் படியை அழித்துவிட வேண்டுமா?

ஸ்ட்ரா மேடம் காவலுக்கு ஆள் இருப்பது அன்றைக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. எண்பது வரை போன பயத்தை யார் இறக்கியது? யாரும் இல்லை, தானே இறங்கியது. அப்படியானால் அது உங்கள் படிதான், யாரும் பிடுங்க முடியாது என்றார். சிக்கல் இனிமேல்தான். இப்போது தெரிந்துவிட்டது. இனி இந்த ஊரில் எந்த வண்டியில் ஏறினாலும் மூளையின் ஒரு மூலை, நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள், கவலையில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

டிகிரி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். ஏணியில் முதல் நெடும்பயணத்துக்கு அவர்கள் திட்டமிட்டிருந்தது இன்னும் மூன்று வாரம் கழித்து. வேலை நாளைக் காலை வரைதான் காத்திருக்கும்.

தனியார் வண்டி ஒன்று ஒன்று பத்துக்கு இருக்கிறது என்றாள். அதில் ஒருவனுக்கும் அப்பாவைத் தெரியாது.

ஸ்ட்ரா மேடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு படியை ஒரே தாவாகத் தாவுவது கஷ்டம், நடுவழியில் இறங்கத் தோன்றும், தோன்றட்டும் என்றார். அப்பா மேல் இருக்கிற கோபத்தில் ஏறாதீர்கள், கோபம் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும், மிச்சம் ஐந்து மணி நேரத்துக்கு உங்கள் சொந்தக் காரணம் வேண்டும் என்றார். மாத்திரையை விடக்கூடாது, வாரா வாரம் வீடியோவில் பேசலாம், திங்கட்கிழமை வழக்கமான நேரம் உங்களுடையதுதான் என்றும் குறித்துக் கொடுத்தார்.

படிக்கட்டில் இறங்கும்போது டிகிரி ஓடினாள். பயந்து இல்லை, அவசரத்தில்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அப்பா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சீருடை, பளபளக்கும் ஷூ. டியூட்டி மாற்றியாயிற்று, சீட்டுக்கு ஆளை நிறுத்தியாயிற்று, கிளம்பவேண்டியதுதான் பாக்கி என்றார்.

டிகிரி பையை எடுத்துத் துணிகளைத் திணித்துக்கொண்டே பேசினாள். குழுவைப் பற்றிச் சொன்னாள். அவருக்கு வெட்கமே இல்லை. நாற்பத்து மூன்று பேர் ஒருத்திக்காகக் கண் வைத்துப் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் நடக்கும் என்று பெருமையாகவே கேட்டார். சரி என்று விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னாள். ஒன்று பத்து தனியார் வண்டியில் போவதாக.

அரசு ஓட்டுநரிடம் தனியார் வண்டிப் பேச்சு எடுப்பது நேராக முகத்தில் அடிப்பது மாதிரி. கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை.

“அப்ப... என் வண்டில நீ வரலையா?”

“இல்லப்பா. நீங்க ஓட்டுங்க. நான் இல்லாம ஓட்டுங்க.”

அவர் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. இன்னொரு முறை போட்டார். போகவில்லை. மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது, உயிர் இருக்கிறதா என்று. மூச்சு வயிற்றுக்கு இறங்காமல் கழுத்தருகிலேயே நின்றுகொண்டிருந்தது.

டிகிரி பையின் ஜிப்பை இழுத்த கையோடு நின்றாள். அந்தப் பட்டியலை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். எட்டு மாதமாக அதில்தான் குடியிருக்கிறாள்.

தையல் மெஷின் நின்றது.

“இனிமே என்னாலயும் மூடி வைக்க முடியாது,” என்றாள் அம்மா.

அவள் சொன்னது கொஞ்சம்தான். மகளுக்கு முதல் தடவை வந்ததற்கு இரண்டு மாதம் முன்பே அவருக்கு வந்துவிட்டது. அந்த எண்பது நிமிஷச் சாலையில், நாற்பது பயணிகளோடு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டி, டயரைப் பார்க்கிறேன் என்று சொல்லி இறங்கி, பத்து நிமிஷம் பின் சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். யாருக்கும் தெரியாது. பிறகு அந்தச் சாலை வரும்போதெல்லாம் அப்படியே. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவில் தூக்கம் போனது. எப்படி வெளியே வருவது என்று தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு மகளின் நோய் ஒரு காரணமாகக் கிடைத்தது. டவுன் வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கை நடுங்குவதில்லை. அவளை வேலைக்கு இறக்கிவிட்டால், சாயங்காலம் ஏற்றவேண்டும் என்ற நினைப்பிலேயே நாள் ஓடிவிடும். அவள் போகாத நாளில் இவரும் போகமாட்டார்.

அப்படியானால் அந்த சீட் யாருக்காக? பாசம் என்று நாற்பத்து மூன்று பேர் கைதட்டியது பொய்யில்லை. ஆனால் அது முழுசும் இல்லை.

அவளுக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வேறு.

“நான் செத்துடுவேன்னு ஆஸ்பத்திரில கத்திக்கிட்டிருந்தேனேப்பா. பக்கத்துலதானே நின்னீங்க. ‘எனக்கும் இப்படி வந்துச்சு, நான் சாகல’ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். போடாத பொத்தானைப் பிடித்தபடியே இருந்தார்.

“டிரைவர் சொல்லக்கூடாதும்மா,” என்றார். “சொன்னா ஸ்டீயரிங்கைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் நான் யாரு?”

சீருடை போடாத அப்பாவை அவள் நினைத்தே பார்த்ததில்லை. ஆனால் இரண்டேகால் வண்டியை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். அவர் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். டியூட்டியை மாற்றிக்கொண்டவரையே கூப்பிட்டு, உடம்பு முடியவில்லை, வண்டி உன்னுடையதே என்று சொல்லச்சொன்னாள். காலையில் போகச்சொன்னதும் நான்தான், தெரியாமல் சொன்னேன், தப்பு என்றாள். இந்த வீட்டில் தப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனாலேயோ என்னவோ அவர் போனைப் போட்டார். “இன்னிக்கு என்னால முடியாதுப்பா,” என்றார். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பாதைக்கு அவர் சொன்ன முதல் முடியாது. எதிர்முனையில் அந்த ஆள் காரணம்கூடக் கேட்கவில்லை. வானம் இடிந்து விழவுமில்லை.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. அவர் போனிலேயே குழுவைத் திறந்து டிகிரி குரல் பதிவு போட்டாள். நான் டிரைவர் மகள் பேசுகிறேன், இன்றோடு என்னைப் பார்ப்பதை நிறுத்துங்கள், சீட் பிடிக்காதீர்கள், கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள், உங்கள் பாசத்துக்கு நன்றி, மீறினால் மேலிடத்துக்கு எழுதுவேன், எனக்கு எழுதத் தெரியும் என்று. ஸ்ட்ரா மேடத்துக்கும் ஒரு போன். திங்கட்கிழமை நேரத்தை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் ஓட்டுநர் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லவேண்டும், மாத்திரை எதுவானாலும் அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதவேண்டும் என்று கேட்டுவைத்தாள். போவேன் என்று அப்பா சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மணி பன்னிரண்டு நாற்பது.

பையைத் தோளில் மாட்டினாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் கதவு நிலைகளில்.

“மனுஷன் இப்படி உட்கார்ந்திருக்கார். இவரை விட்டுட்டுப் போகப்போறியா? வேலை எங்கயும் ஓடிடாதுடி. அப்பா தேறட்டும். அதுவரைக்கும் அந்த சீட்ல ஒரு நாலு மாசம் உட்கார்ந்தா என்ன குறைஞ்சுடும்?”

ஒரு நிமிஷம் டிகிரி தடுமாறினாள். உட்காரலாம்தான். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாளை காலையில் அதே பிடரியைப் பார்த்துக்கொண்டு அதே நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகலாம். நல்ல மகள் என்று நாற்பத்து மூன்று பேரும் கைதட்டுவார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவைத்தான் அவள் கண்டுகொண்டாள். எட்டு மாதமாக அவளை ஏமாற்றிய குரல் அது. இன்றைக்கு வேஷம் மாற்றி, கடமை என்ற சீருடை போட்டு வந்திருக்கிறது.

“நான் உட்கார்ந்தா அவருக்கும் சரியாகாதும்மா, எனக்கும் சரியாகாது. ஒருத்தர் முதுகுல ஒருத்தர் சாய்ஞ்சுக்கிட்டே ரெண்டு பேரும் கிழவியும் கிழவனுமா ஆயிடுவோம்.”

“வழியில வந்துடுச்சுன்னா? அந்த நிக்காத ரோட்ல?”

“வரும். வரட்டும். நான் டிக்கெட் வாங்கிட்டு ஏர்றவ, அது ஓசில வர்றது. எங்க ரெண்டு பேர்ல யார் இறங்கணும்னு நீயே சொல்லு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க முந்தானையை எடுக்கப்போய் ஒரு கையைக் கதவிலிருந்து எடுத்தாள். அந்த இடைவெளி போதும்.

அப்பா எழுந்து பின்னாலேயே படி வரைக்கும் வந்தார். சக்கரத்துக்கு மேல் உட்காராதே என்றார். அந்தத் தனியார்க்காரன் வளைவில் முந்துவான், பயப்படாதே, அவன் அப்படித்தான் என்றார். அப்புறம் குரலைத் தழைத்து, தெருவில் யாருக்கும் கேட்காதபடி, “எண்பது நிமிஷத்துல நாப்பதாவது நிமிஷம்தான் மோசம். அதைத் தாண்டிட்டா இறங்கிடும்” என்றார்.

எட்டு மாதம் பிந்தி வந்த அந்த ஒரு வார்த்தையை டிகிரி வாங்கிக்கொண்டாள். நின்று பேச நேரமில்லை. திங்கட்கிழமை போவீர்களா என்று இன்னொரு தடவை கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், பார்த்தால் கால் நகராது.

நெஞ்சு தடதடவென்று அடித்தது. கோபமா, பயமா, குஷியா என்று பிரித்துப் பார்க்க அவள் மெனக்கெடவில்லை. எல்லாம் சேர்ந்தே வரட்டும் என்று, தெருவின் அந்தக் கோடியில் இருந்த தனியார் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் பையோடு நடந்தாள்.